ஆரோக்கியசெல்வியும் பவுடர் பேயும்

திண்டிவனத்தில் பாண்டிச்சேரி சாலை பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் ‘நியூ ஏஞ்சல் பியூட்டி பார்லர்’ இருக்கிறது. பழைய ஏஞ்சல் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பெயருக்கு முன்னால் நியூ இல்லாவிட்டால் பெண்கள் படியேற மாட்டார்கள் என்பது உரிமையாளர் பானுப்ரியாவின் நம்பிக்கை. அங்கே புருவம் திருத்துவதும், முகத்துக்குப் பூச்சுப் போடுவதும், மணப்பெண்களை அலங்கரித்து அனுப்புவதும் ஆரோக்கியசெல்வியின் வேலை. வயது இருபத்தாறு. கிளியனூர்க்காரி. நல்ல கறுப்பு. கைராசிக்காரி என்று ஊருக்குள் பெயர் வாங்கியிருந்தாள். அவள் பேய்க்கதை எழுதுகிறவள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

கைப்பேசியில் தொடர்கதை போடுகிற செயலி ஒன்றில் ‘இருள்மகள்’ என்ற பெயரில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வாசகர்கள். அவர்கள் மரியாதையாக ‘இருள் சிஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். எழுதினாள் என்று சொன்னாலும் உண்மையில் எழுதவில்லை. நாள் முழுக்க நூலைப் பிடித்து இழுத்த விரல்கள் சாயங்காலத்தில் மடங்காது. அதனால் சொன்னால் தானே எழுத்தாக்கிக்கொள்ளும் வசதியைப் பிடித்துக்கொண்டாள். பார்லரின் பின்னறையில் மெழுகு சூடாகும் நேரத்தில் கொஞ்சம் சொல்வாள். கிளியனூர் பஸ்ஸில் துப்பட்டாவைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு மிச்சத்தைச் சொல்வாள். ஒருநாள் அவளுக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர், “அவ கழுத்து மட்டும் மெதுவா பின்னால திரும்புச்சு” என்று தன் காதருகே கேட்டதும், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப்போய்விட்டார். அது அவர் இறங்கவேண்டிய ஊர் இல்லை என்று கண்டக்டர் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கைப்பேசிக்குக் கிளியனூர்ப் பேச்சு பிடிபடவில்லை. “பேய் வந்துக்கினு இருந்துச்சு” என்று அவள் சொன்னதை அது “பேய் வந்து கிண்ணம் இருந்துச்சு” என்று எழுதிக்கொண்டது. செல்வி கவனிக்காமல் அப்படியே ஏற்றிவிட்டாள். மறுநாள் பார்த்தால் வாசகர்கள் கொந்தளித்துப் போயிருந்தார்கள். எந்தக் கிண்ணம், அதில் என்ன இருக்கிறது, அது பித்தளையா எவர்சில்வரா, பேய்க்கும் கிண்ணத்துக்கும் முன்ஜென்மத் தொடர்பு உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. தப்பாக விழுந்த வார்த்தை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. பேய் கையில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறது, அதில் பவுடர் இருக்கிறது என்று அடுத்த அத்தியாயத்தில் எழுதிச் சமாளித்தாள். அன்றைக்குத்தான் அந்தப் பேய்க்கு உயிர் வந்தது.

கதைக்குப் பெயர் ‘பூசிவிடவா?’. ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். மேடைக்குப் பின்னால் பூட்டியே கிடக்கிற ஒரு அறை. எப்போதோ அந்தப் பள்ளியில் படித்து, கறுப்பு என்பதால் மேடையேற்றப்படாமல் செத்துப்போன ஒரு பெண் பேயாக அங்கே இருக்கிறாள். ராத்திரியில் அலைகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வருவாள். கழுத்தை நெரிக்க மாட்டாள், ரத்தம் குடிக்க மாட்டாள். மகா மரியாதைக்காரி. இன்னொருத்தியின் நிறத்தைச் சொல்லி இளிக்கிறவள் யாரோ, அவள் முன்னால் வந்து கிண்ணத்தை நீட்டி, “கொஞ்சம் பூசிவிடவா, கண்ணு?” என்று கேட்பாள். அவ்வளவுதான்.

பூசப்பட்டவள் மறுநாள் வெள்ளையாக எழுந்திருப்பாள். முதலில் குஷிதான். அம்மாக்காரி என்ன க்ரீம் என்று கேட்பாள், பதினொன்றாம் வகுப்பிலேயே வரன் வரும். அதற்கடுத்த நாள் இன்னும் வெள்ளை. பிறகு இன்னும். கடைசியில் சுண்ணாம்பு அடித்த பள்ளிச் சுவர் ஓரமாக நின்றால் ரிப்பனும் தலைமுடியும் மட்டும் அந்தரத்தில் தெரியும். டீச்சர் ஆப்சென்ட் போடுவார். கை காட்டினால் பஸ் நிற்காது. வீட்டில் தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு இவளுக்குப் போட மறந்துபோவாள் அம்மா. “நான் இங்கதான் இருக்கேன்” என்று சுவர் அழும். அந்த அத்தியாயத்தைப் படித்த விழுப்புரம் கல்லூரி மாணவி ஒருத்தி, தான் வாங்கி வைத்திருந்த மூன்று க்ரீமையும் நாய்க்குட்டிக்குத் தடவிவிட்டதாக எழுதியிருந்தாள். நாய்க்குட்டிக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

இதெல்லாம் செல்விக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஒரு டின்னிலிருந்து வந்தது.

அவள் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தாள். அம்மா லூர்துமேரி அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கி, கடலை ஆய்ந்து படிக்க வைத்தாள். வகுப்பில் நான்கு பெண்கள் ஒரு கூட்டு. நடுநாயகம் சித்ரா. கூட்டேரிப்பட்டுப் பக்கம் சொந்த நிலமும் டிராக்டரும் உள்ள குடும்பம். செல்வி காலனிப் பெண் என்பது முதல் வாரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், “உங்க வீடு ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டுத்தான். அதிலிருந்து அவள் தண்ணீர் கேட்டால் பாட்டிலைத் தரமாட்டார்கள், உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்கள். இருட்டில் சிரித்தால்தான் அவள் இருப்பதே தெரியும் என்பார்கள். கரண்ட் போனால் “ஆரோக்கியம், எங்கடி இருக்க, சிரி” என்று சித்ரா கூப்பிடுவாள். வகுப்பே சிரிக்கும். செல்வியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதுதான் பின்னாளில் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஆண்டு விழாவுக்குக் கும்மி ஆட அவளையும் சேர்த்தார்கள். ஒரு மாதம் பயிற்சி. விழா அன்றைக்கு மேடைக்குப் பின்னறையில் பாவாடை தாவணியில் நின்றுகொண்டிருந்தபோது, சித்ரா ஒரு புது பவுடர் டின்னைத் திறந்து செல்வியின் தலையில் அப்படியே கவிழ்த்தாள். இப்போதுதான் மனுஷி மாதிரி இருக்கிறாய், இனிமேல் ஊர்த் தெருவில் நடக்கலாம் என்றாள். கண், மூக்கு, வாய் எல்லாம் பவுடர். செல்விக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மி நிமிர்வதற்குள் பாட்டு போட்டுவிட்டார்கள். டீச்சர் எட்டிப்பார்த்து, போய் முகம் கழுவு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குழாயடியில் உட்கார்ந்துகொண்டு, தனக்குத் தெரிந்த பாட்டுக்கு வேறு யாரோ கை தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். நல்லா ஆடினேன் என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் நர்ஸுக்குப் படி என்றாள் லூர்துமேரி. செல்வி விழுப்புரத்துக்குப் போய் அழகுக்கலைப் பயிற்சியில் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அந்த டின்னுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கப்போகிறேன் என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் முணுமுணுவென்று கைப்பேசியிடம் பேய் பிசாசு என்று பேச ஆரம்பித்த பிறகு இன்னும் புரியவில்லை. மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீரைக் கொண்டுவந்து கைப்பேசியின் மேல் தாராளமாகத் தெளித்தாள். அதன் பிறகு ஒரு வாரம் அந்தக் கைப்பேசி அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. இருள் சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை போலும் என்று வாசகர்கள் கவலைப்பட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் ஒரு மத்தியானம் சித்ரா பார்லர் படியேறி வந்தாள்.

செல்வி முகக்கவசம் போட்டிருந்தாள். அடையாளம் தெரியாது என்று நினைத்தாள். சித்ரா வாசலிலேயே நின்று கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“ஏய் ஆரோக்கியம். நீயாடி? எத்தினி வருசமாச்சு. ஸ்கூல்ல நாம எவ்ளோ ஜாலியா இருந்தோம், இல்ல?”

பானுப்ரியா பக்கத்தில் நின்று, பழைய தோழிகள் சேர்ந்த மகிழ்ச்சியில் கண் கலங்கினாள். செல்வி அந்த அணைப்புக்குள் கட்டைபோல நின்றாள். ‘நாம’ என்ற சொல் அவள் காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

சித்ராவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்தில் பெண் நிறம் கம்மி என்று சொல்லித் தட்டிவிட்டார்களாம். அதனால் அம்மா லட்சுமியம்மாள் பதினைந்து நாளைக்கு ஒரு முறை பார்லருக்கு அனுப்பினாள். அவள் முகத்தைத் துடைத்துவிடும்போது செல்வி ஒரு விஷயத்தைக் கவனித்தாள். சித்ராவின் கன்னத்தின் மேல் தன் விரல்கள் கிடக்கின்றன, எது கன்னம் எது விரல் என்று சொல்ல ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவுதான். இத்தனை வருடம் அவள் மனதுக்குள் சித்ரா வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்தாள்.

அது போதாதென்று இன்னொன்றும் நடந்தது. ஃபேஸ் பேக் காய்வதற்காகப் படுத்திருந்தபோது சித்ரா உதட்டை அசைக்காமல், தான் ஒரு பேய்க்கதை படிப்பதாகச் சொன்னாள். செல்வியின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

“‘பூசிவிடவா’ன்னு பேரு. அந்தப் பூங்கோதை கேரக்டர் கீதே, அது நான்தான்டி. என் கதைய யாரோ பக்கத்துல உக்காந்து பாத்து எழுதுன மாதிரி கீது.”

பூங்கோதைதான் கதையின் நாயகி. காலனிப் பெண். தலையில் பவுடர் கொட்டப்பட்டவள். எப்படி அது நீயாகும் என்று செல்வி நிதானமாகக் கேட்டாள். சித்ரா விளக்கினாள். அவளையும் பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைச் சொன்னார்களாம். பெரியம்மா வீட்டு விசேஷத்தில் போட்டோ எடுக்கும்போது பின்வரிசைக்குப் போகச் சொன்னார்களாம். பூங்கோதை அழுத இடத்தில் தானும் அழுதேன் என்றாள். பேசிப்பேசி ஃபேஸ் பேக் நெற்றியிலிருந்து மோவாய் வரை பாளம் பாளமாக வெடித்துப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து போடவேண்டி வந்தது.

அன்றைக்குக் கிளியனூர் பஸ்ஸில் செல்விக்கு வந்த கோபத்தில் கைப்பேசியே சூடானது. தன் பேயையும் தன் தும்மலையும் தன் குழாயடியையும்கூட அவள் எடுத்துக்கொண்டாளே என்று ஆத்திரம். சரி, தெரியவைக்கிறேன் என்று தீர்மானித்தாள். கதையில் டின்னைக் கவிழ்த்த வில்லிக்கு அதுவரை கோகிலா என்று பெயர். அதை மாற்றி சுசித்ரா என்று வைத்தாள். திடீரென்று ஏன் பெயர் மாறியது என்று கேட்ட வாசகர்களுக்கு, ஜாதகம் சரியில்லாததால் வீட்டில் மாற்றிவிட்டார்கள் என்று பதில் போட்டாள்.

அடுத்த முறை சித்ரா வந்தபோது ஆவலோடு காத்திருந்தாள். சித்ரா சொன்னது, அந்தச் சுசித்ராவைக் கொன்றாலும் பாவமில்லை என்பதுதான்.

செல்வி விடவில்லை. சுசித்ராவுக்கு மோவாயில் மச்சம் வைத்தாள். சித்ராவுக்கு இருக்கும் அதே இடம். அப்பாவுக்கு நீல டிராக்டர் வாங்கிக்கொடுத்தாள். பேசும்போது தாவணி நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கடிக்கிற பழக்கத்தைக் கொடுத்தாள். சித்ரா ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டே வந்து சொன்னாள், “இவ அச்சு அசல் நம்ம தமிழ்மணிடி. ஞாபகம் கீதா, எப்பப் பாத்தாலும் யாரையாவது சீண்டிக்கினே இருப்பாளே.” தமிழ்மணி அந்த நாலு பேரில் ஒருத்தி. வாயில்லாப் பூச்சி.

இதோடு நிற்காமல் ‘சித்து_குட்டி’ என்ற பெயரில் சித்ரா ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழேயும் கோரிக்கை வைத்தாள். சுசித்ராவைச் சீக்கிரம் பூசுங்கள், ஒரு பூச்சு போதாது, இரட்டைப் பூச்சு போடுங்கள் என்று. நூற்றுக்கணக்கானவர்கள் அதை ஆமோதித்தார்கள். மக்கள் விருப்பத்துக்கு இணங்கிச் செல்வி சுசித்ராவைச் சுவரோடு சுவராக ஆக்கினாள். சித்து_குட்டி கை தட்டும் படமாகப் போட்டு நிரப்பினாள். பழிவாங்கப்படுகிறவளே முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தால் பழிவாங்கி என்ன ஆகப்போகிறது என்று செல்விக்குச் சோர்ந்துபோனது.

ஒருவழியாகச் சித்ராவுக்கு விழுப்புரத்தில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை தேவநாதன், கூட்டுறவு வங்கியில் வேலை. அலங்காரத்துக்கு ஆரோக்கியம்தான் வரவேண்டும் என்று சித்ரா ஒற்றைக்காலில் நின்றாள். வரவேற்பு சாயங்காலம். மதியமே பானுப்ரியாவும் செல்வியும் பெட்டிகளோடு விழுப்புரம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பானுப்ரியா சொந்தக்காரப் பெண்களுக்குத் தலை பின்னிவிடக் கீழே போனாள். மணப்பெண் அறையில் செல்வியும் சித்ராவும் மட்டும்.

லட்சுமியம்மாள் வந்து கதவோரம் நின்று உத்தரவு போட்டாள். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் நிறம், அதனால் பார்த்துப் போடவேண்டும் என்றாள். “இன்னும் நாலு கோட்டு சேத்தே போடும்மா பொண்ணு. மிச்சம் வச்சி இன்னா பண்ணப்போற” என்று சொல்லிவிட்டுச் சமையல்காரரைப் பார்க்கப் போனாள்.

செல்வி வேலையைத் தொடங்கினாள். கண்ணுக்கு மை தீட்ட ஆரம்பித்ததும் சித்ரா பொறுமை இழந்தாள். அன்றைக்குக் காலையில்தான் ‘பூசிவிடவா?’ கடைசி அத்தியாயம் வந்திருந்தது. கல்யாணக் கூச்சலில் அவளால் படிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கவேண்டுமானால் அதைப் படித்துக்காட்டு என்று அடம்பிடித்தாள். செல்வி எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். கடைசியில் வலது கையில் பிரஷ், இடது கையில் கைப்பேசி என்று தன் கதையைத் தானே வாசிக்கத் தொடங்கினாள்.

கடைசி அத்தியாயத்தில் பேய் பூங்கோதையிடம் வருகிறது. உனக்கு முதன்முதலாகப் பூசியது யார், எப்படி என்று உன் வாயால் சொல், நான் போய்விடுகிறேன் என்கிறது. பூங்கோதை சொல்ல ஆரம்பிக்கிறாள். செல்வி வாசித்தாள். மேடைக்குப் பின்னறை, புது டின், வாயெல்லாம் பவுடர். வாசிக்க வாசிக்க எழுத்து மங்கியது. திரையைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள்.

“தும்மல் நிக்கவே இல்ல. அதுக்குள்ள பாட்டு போட்டுட்டாங்க. டீச்சர் வந்து போயி மூஞ்சி கழுவுன்னு சொன்னாங்க. நான் பைப்பாண்ட போயி உக்காந்துக்கினேன். கும்மி முடியற வரிக்கும் அங்கியே இருந்தேன்.”

சித்ரா கண்ணைத் திறக்கவில்லை. நெற்றி மட்டும் சுருங்கியது.

“ஆரோக்கியம், நாமகூட கும்மி ஆடினோம்ல ஆண்டு விழாவுல. நீ ஏன் அன்னிக்கு ஆட வரல?”

“அதான் படிச்சிக்கினு இருக்கேன்” என்றாள் செல்வி.

கீழே நாதஸ்வரக்காரர் சும்மா ஊதிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சித்ரா மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தாள். மை தீட்டிய கண் அது. தீட்டாத கண் அப்புறம் திறந்தது.

“இருள்மகள்?”

“நான்தான்.”

முதலில் அவள் முகம் மலர்ந்தது. இருள் சிஸ்டரை நேரில் பார்த்த ரசிகையின் மலர்ச்சி. எவ்வளவு கமெண்ட் போட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். உள்ளே ஏதோ ஒவ்வொன்றாக இடம் மாறி உட்காருவது வெளியிலிருந்தே தெரிந்தது. மோவாயைத் தொட்டுப்பார்த்தாள். மச்சம் அங்கேதான் இருந்தது.

“அப்ப சுசித்ரா… தமிழ்மணி இல்லியா?”

“அவ மூடியத்தான் புடிச்சிக்கினு இருந்தா.”

சித்ரா அழத் தொடங்கினாள். சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும். மை இரண்டு கோடாக இறங்கி, அதுவரை போட்டிருந்த மூன்று பூச்சையும் அறுத்துக்கொண்டு மோவாய் வரை வந்தது. செல்வி இந்த நிமிடத்தை எத்தனையோ முறை பஸ்ஸில் உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறாள். அதிலெல்லாம் அவளுக்குப் பெரிய நிம்மதி வரும். இப்போது வந்தது வரவேற்புக்கு நேரமாகிறதே என்ற பதற்றம்தான். கை தானாகப் போய் டிஷ்யூவை எடுத்தது. துடைத்தது. வேறொரு பூச்சுக்காகப் பஞ்சைத் தோய்த்து எடுத்து, வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

“கொஞ்சம் பூசிவிடவா?”

சித்ரா வீறிட்டுக்கொண்டு நாற்காலியிலிருந்து குதித்தாள். கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் ஓடினாள். பட்டுப்புடவை கொசுவம் ஒரு கையில், பாதி முகம் வெள்ளை, பாதி முகம் மை. எதிரே சீர்வரிசைத் தட்டுகளோடு வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆப்பிள்கள் படிக்கட்டில் உருண்டன. அறையில் பாம்பு புகுந்துவிட்டது என்று யாரோ சொல்ல, சித்ராவின் அப்பா சுப்பராயலு அன்னக்கரண்டியோடு ஓடிவந்தார். பெண்ணுக்குச் சம்மதமில்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளையின் அத்தை முனியம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு எதிர் அறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை தேவநாதன் வெளியே வந்தான். அவனைப் பார்த்ததும் சித்ரா அப்படியே நின்றாள். விழுப்புரத்து நண்பர்கள் காலையிலேயே அவனை எங்கோ கூட்டிக்கொண்டு போய் முகத்துக்கு என்னென்னவோ செய்து வைத்திருந்தார்கள். கழுத்துவரை வெள்ளை. கழுத்துக்குக் கீழே நல்ல மாநிறம். வேட்டிக்கட்டோடு அவன் நின்ற நிலையில், வேறு யாருடைய தலையையோ கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. வராந்தாச் சுவரும் வெள்ளை. சித்ரா அவனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவனும் சிரித்தான். அதைப் பார்த்து முனியம்மாள் எழுந்துகொண்டாள். பாம்பு எங்கே என்று சுப்பராயலு மட்டும் தேடிக்கொண்டே இருந்தார்.

அறைக்குத் திரும்பியதும் சித்ரா நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாத்தையும் தொடைச்சிடு, என் கலருக்கு எது சேருமோ அதைப் போடு என்றாள். செல்வி பெட்டியின் அடித்தட்டிலிருந்து, யாரும் கேட்காததால் முத்திரைகூட உடைக்காமல் கிடந்த பழுப்பு நிறப் பூச்சுப் புட்டியை எடுத்தாள். பூ வைத்து முடித்தபோது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சித்ரா சொன்னாள்.

“நான்தான் கவுத்தேன். கையில எவ்ளோ வெயிட்டா இருந்துச்சுன்றது வரிக்கும் இப்ப ஞாபகம் வருது. இத்தினி நாளா எப்பிடி மறந்தேன்னு தெரியல. தப்பு பண்ணிட்டேன்டி.”

பரவாயில்லை என்ற சொல் செல்வியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாடிக்கையாளர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்கிற சொல். அதை விழுங்கிக்கொண்டாள். “ஆமா, தப்புதான்” என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகு, எங்கிருந்தோ பயங்கரமாகப் பசித்தது.

லட்சுமியம்மாள் மகளைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். இனிச் செய்வதற்கு நேரமில்லை. மேடையில் சித்ரா அழகாகத்தான் இருந்தாள். மாப்பிள்ளைதான் யார் என்று தெரியாமல் சிலர் தேடினார்கள். முதல் பந்தியிலேயே செல்வி உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பானுப்ரியா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். விக்கிரவாண்டி தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை. திட்டு விழப்போகிறது என்று செல்வி காத்திருந்தாள். அடுத்த கதையில் ஒரு பார்லர் ஓனர் வரட்டும், ஆனால் சாகக் கூடாது, ஒல்லியாக இருக்கட்டும் என்றாள் பானுப்ரியா.

கடைசி அத்தியாயத்தின் கீழே நான்கு நாள் கழித்துச் சித்து_குட்டி, “நான்தான் சுசித்ரா” என்று எழுதினாள். எல்லாரும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நானும் சுசித்ரா, நானும் சுசித்ரா என்று கீழே கீழே போட்டுக்கொண்டே போனார்கள். அதில் சில பேர், யாரை என்ன செய்தோம் என்றும் எழுதியிருந்தார்கள். பெயர் போடாத ஒருத்தி, மூடி பிடித்ததும் கணக்கில் சேருமா என்று கேட்டிருந்தாள். சேரும் என்று இருள் சிஸ்டர் பதில் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்துச் சித்ரா நாத்தனாரை அழைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து பார்லருக்கு வந்தாள். செல்வியைக் காட்டி, இவளும் நானும் ஒரே வகுப்பு, பள்ளியில் இவளை நான் ரொம்பக் கொடுமை பண்ணியிருக்கிறேன் என்று அறிமுகப்படுத்தினாள். நாத்தனார் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

“சிரிக்காதீங்க அண்ணி, நெசமாத்தான்” என்றாள் சித்ரா.

நாத்தனாரின் சிரிப்பு நின்றது. செல்வி நாற்காலியைத் துடைத்துத் திருப்பிப் போட்டாள். யாருக்கு முதலில், என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். முகத்துக்கு ஒன்றும் வேண்டாம், முடியைத் தோள்வரை வெட்டிவிட்டால் போதும் என்று சொல்லிச் சித்ரா உட்கார்ந்தாள்.